ஆள் கணக்கா, அறைக் கணக்கா? கையைக் கடிக்காத கரீபியன் விடுமுறைக்கு ஓர் ஒப்பீடு

2025 மார்ச் மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை நியூ ஜெர்சிக் கடற்கரையான ஜெர்சி ஷோருக்குக் கூட்டிப் போனோம். கும்பகோணத்திலிருந்து விசிட்டர் விசாவில் வந்து அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. கோட்டும் குல்லாவும் கையுறையும் மாட்டிக்கொண்டு மணலில் நின்றவள், "கடல்னு பேரு, காலை நனைக்க முடியலையேடி" என்றாள். அன்றிரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு லேப்டாப்பில் எக்செல் ஷீட் ஒன்றைத் திறந்தேன். ஜூன் கடைசியில் பள்ளி விட்டதும் ஒரு வாரம், வெதுவெதுப்பான கடல் உள்ள ஏதாவது ஒரு தீவு. போகிறவர்கள் ஐந்து பேர்: நான், கணவர், பதினொரு வயதில் ஒன்றும் ஏழு வயதில் ஒன்றுமாக இரண்டு பிள்ளைகள், அம்மா. அம்மா சுத்த சைவம். முட்டைகூடக் கிடையாது.

பார்படோஸையும் அரூபாவையும் முதல் அரை மணி நேரத்திலேயே எடுத்துவிட்டேன். இரண்டும் அழகான தீவுகள்தான். ஆனால் அங்கே கடைச் சாப்பாடும் தங்குமிடமும் எங்கள் கைக்கு எட்டவில்லை. மிஞ்சியவை நான்கு: புவேர்ட்டோ ரிக்கோ, டொமினிக்கன் குடியரசு, டிரினிடாட்–டொபேகோ, குவாதலூப்.

ஷீட்டில் நான் முதலில் போட்ட பத்தி விமான டிக்கெட் விலை. நம்மில் பெரும்பாலானோர் அங்கேதான் தொடங்குகிறோம், மலிவான டிக்கெட் கிடைத்த தீவையே மலிவான தீவு என்று எடுத்துக்கொள்கிறோம். இரண்டு நாள் கணக்குப் போட்ட பிறகு அந்தப் பத்தியை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒவ்வொரு செலவுக்கும் எதிரே "ஆள்" அல்லது "அறை" என்று எழுதினேன். சில செலவுகள் தலைக்கு இவ்வளவு என்று ஏறும். டிக்கெட், படகு, ஆல்-இன்க்ளூசிவ் ரிசார்ட் எல்லாம் அந்த வகை. வாடகை வீடும் வாடகைக் காரும் இருவர் போனாலும் ஐவர் போனாலும் ஏறக்குறைய ஒரே தொகை. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு எந்தத் தீவு கட்டுப்படியாகும் என்பதை இந்த ஒரு வேறுபாடுதான் தீர்மானிக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தன்னால் தெளிவாகும்.

அதற்கு முன் விசா. நம் ஊர்க்காரர்கள் பலருக்குக் கடலையும் மணலையும் பார்ப்பதற்கு முன்பே இதிலேயே முடிவு தெரிந்துவிடும். பாஸ்போர்ட்டில் எச்1பி என்ற வேலை விசாவின் ஸ்டாம்ப் காலாவதியாகி, கையில் ஐ-797 என்ற நீட்டிப்புக் கடிதம் மட்டும் இருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ முப்பது நாளுக்குள் போய்த் திரும்பினால் பழைய ஸ்டாம்பே போதும் என்று ஒரு சலுகை உண்டு. அதைக் கேள்விப்பட்டுக் கரீபியன் தீவுகளுக்கும் அது பொருந்தும் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். தீவுகளைப் பொறுத்தவரை அந்தச் சலுகை எஃப், ஜே என்ற மாணவர், பரிமாற்றத் திட்ட விசாக்காரர்களுக்குத்தான். எச்1பியில் இருப்பவர் டொமினிக்கனின் புன்ட்டா கானா கடற்கரைக்குப் போனால், புதிய ஸ்டாம்ப் இல்லாமல் திரும்ப விமானம் ஏற முடியாது. ஸ்டாம்ப் இல்லாதவர்களுக்கு இந்த நான்கில் புவேர்ட்டோ ரிக்கோ ஒன்றே வழி. 1898 முதல் அது அமெரிக்க ஆட்சிப் பகுதி. நியூ ஜெர்சியின் நூவர்க்கிலிருந்து அதன் தலைநகர் சான் ஹுவான் போவது சிகாகோ போவதைப் போல உள்நாட்டுப் பயணம்தான். என்றாலும் பாஸ்போர்ட், ஐ-797, எதுவரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவின் அச்சுப்படி எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். திரும்பும்போது சான் ஹுவான் விமான நிலையத்தில் அதிகாரிகள் கேட்பதுண்டு.

எங்கள் வீட்டில் எல்லாருடைய விசாவும் செல்லுபடியில் இருந்ததால் நான்கு தீவும் களத்தில் நின்றன. அமெரிக்க விசா இருந்தால் டொமினிக்கன் தனி விசா கேட்பதில்லை. இ-டிக்கெட் என்ற இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும், அரசின் தளத்தில் அது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். டிரினிடாட் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கே விசா கேட்பதில்லை. பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்களுக்கு இன்னொன்று: பக்கத்துத் தீவுக்கு ஒரு வாரம் போய் வந்தால் அம்மாவின் ஐ-94 புதிதாக ஆறு மாதத்துக்கு நீளும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். பெரும்பாலும் பழைய தேதியிலேயே விடுவார்கள்.

டொமினிக்கன்: எல்லாம் அடக்கம், ஆளுக்கு ஒரு விலை

2023 ஜூலையில், அம்மா முன்பு வந்திருந்தபோது, புன்ட்டா கானாவுக்கு ஒருமுறை போயிருக்கிறோம். ஆகவே இந்தத் தீவைப் பற்றி எழுதும்போது எனக்குக் கையில் பட்ட கணக்கு இருக்கிறது.

ஆல்-இன்க்ளூசிவ் என்பதில் ஒரு பெரிய நிம்மதி உண்டு, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். காலையில் எழுந்து என்ன சமைப்பது என்ற கேள்வி இல்லை. பிள்ளை ஒரு நாளைக்கு நான்கு ஜூஸ் குடித்தாலும் பர்ஸைத் திறக்க வேண்டாம். வருடம் முழுக்க அடுப்படியிலும் ஆபீஸிலும் நிற்கிற பெண்ணுக்கு அந்த ஒரு வாரம் என்ன என்பது எனக்குத் தெரியும். விலையிலும் எல்லாத் தரத்திலும் கிடைக்கிறது. பெரியவர் ஒருவருக்கு ஓர் இரவுக்கு நூறு டாலரைச் சுற்றியும் உண்டு, முந்நூறைத் தாண்டியும் உண்டு.

சிக்கல் அந்த "ஒருவருக்கு" என்ற சொல்லில்தான் இருக்கிறது. குடிக்காத, கறி மீன் தொடாத ஒருவருக்கும் முழு விலைதான். பார் இரவு வரை திறந்திருக்கும், இறைச்சி வெட்டிப் பரிமாறும் மேசை தனியாக இருக்கும், கடலுணவு இரவு என்று வாரத்தில் ஒருநாள் வரும். இத்தனைக்கும் சேர்த்து அம்மாவின் பெயரிலும் ஒரு பில். அவள் சாப்பிட்டதோ அவித்த காய், பழம், ரொட்டி, வறுத்த வாழைக்காய். சாதத்தைக்கூடத் தொட முடியவில்லை. பல சமையலறைகளில் கோழி எலும்புச் சாற்றில்தான் சாதம் வேகிறது என்று பரிமாறிய பெண்ணே சொன்னாள். மூன்றாம் நாள் என் பையிலிருந்த பருப்புப் பொடியும் நெய்யும் வெளியே வந்தன. போட்டுப் பிசைய வெறும் சாதம் வேண்டுமே என்று சமையற்காரரிடம் கேட்க, அவர் முகம் சுளிக்காமல் தனியாக வடித்துக் கொடுத்தார். அந்த மனிதருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

இன்னொன்று சார்காசம் கடற்பாசி. 2011க்குப் பிறகு அட்லாண்டிக்கில் இது பெருகிக் காற்றோடும் நீரோட்டத்தோடும் கரீபியனுக்கு வந்துகொண்டிருக்கிறது. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அதிகம். புன்ட்டா கானா தீவின் கிழக்கு முனையில் இருப்பதால் வருவதை முதலில் வாங்கிக்கொள்ளும் கரை அதுதான். நாங்கள் போயிருந்த வாரம் முழங்கால் ஆழத்துக்குப் பழுப்புப் பாசி மிதந்தது. கரையில் அழுகியது முட்டை நாற்றம் அடித்தது. விடுதி ஆட்கள் விடியற்காலையிலேயே வாரிக்கொண்டிருந்தார்கள், பகலுக்குள் மறுபடியும் வந்து சேர்ந்தது. ஏழு நாளில் மூன்று நாள் பிள்ளைகள் நீச்சல் குளத்திலேயே கிடந்தார்கள். நீச்சல் குளத்துக்கு நான்கு மணி நேரம் பறக்க வேண்டியதில்லை.

ஜூன், ஜூலையில் டொமினிக்கன்தான் என்று முடிவு செய்கிறவர்கள் தெற்குக் கரையில் உள்ள பயாயிபேயைப் பாருங்கள். கரீபியன் கடல் பக்கம் இருப்பதால் பாசித் தொல்லை பெரும்பாலும் குறைவு. சாவோனா தீவுக்குப் படகுகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன, புன்ட்டா கானாவிலிருந்து அந்தப் படகுக்கு வரும் நீண்ட பேருந்துப் பயணம் மிச்சம். படகுக் கட்டணம் ஆளுக்குத்தான், அதிலும் ரம் அடக்கம்.

ரிசார்ட்டே வேண்டாம் என்றால் டொமினிக்கன் வேறொரு ஊராக மாறிவிடுகிறது. சாந்தோ தோமிங்கோவின் பழைய நகரம் 1990 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம், அமெரிக்கக் கண்டங்களின் முதல் கதீட்ரல் அங்கேதான். 2009 முதல் மெட்ரோ ஓடுகிறது. ஊர்விட்டு ஊர் போக குவாகுவா என்று அழைக்கும் சிற்றுந்துகள் உண்டு, நம் ஊர் மினி பஸ் போலக் கை காட்டினால் நிற்கும். ஒரு டாலருக்கு 60 பெசோ சொச்சம் கிடைக்கும். தெருமுனை மளிகைக் கடைக்குக் கோல்மாடோ என்று பெயர். உணவகத்தில் மட்டும் பில்லின் அடியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: 18 சதவீத வரி, அதற்கு மேல் 10 சதவீதச் சேவைக் கட்டணம். இளம் தம்பதிக்கோ நண்பர்கள் கூட்டத்துக்கோ நான் இதைத்தான் சொல்வேன். முட்டிவலி உள்ள அம்மாவை வைத்துக்கொண்டு குவாகுவாவில் ஏறி இறங்க எனக்குத் துணிவில்லை.

புவேர்ட்டோ ரிக்கோ: வாடகை வீடும் துவரையும்

புவேர்ட்டோ ரிக்கோவைச் செலவு பிடித்த இடம் என்று பலர் ஒதுக்குகிறார்கள். ஹோட்டல் விலையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அறை விலைக்கு மேல் 9 சதவீத வரி, சூதாட்டக் கூடம் உள்ள ஹோட்டலென்றால் 11, அதற்கும் மேல் ரிசார்ட் கட்டணம் என்று ஒன்று. கடையில் விற்பனை வரியே 11.5 சதவீதம். ஆனால் ஹோட்டலை விட்டுவிட்டு, சான் ஹுவானில் சாந்துர்ஸே அல்லது ஓஷன் பார்க் பக்கம் கடலுக்கு நடக்கும் தூரத்தில் சமையலறையோடு இரண்டு படுக்கையறை வீடு எடுத்தால் கணக்கு தலைகீழாகிறது. குறுகிய கால வாடகைக்கு வரி 7 சதவீதம். வீட்டு வாடகை ஐந்து பேருக்கும் ஒன்றே.

2019ல் நானும் கணவரும் பெரிய பிள்ளையோடு அங்கே போயிருந்தபோது கவனித்தது, காசு கொடுக்காமல் பார்க்கக் கூடியவை எத்தனை என்பதுதான். கடற்கரைகள் எல்லாம் சட்டப்படி பொது. எல் யுங்கே மழைக்காட்டுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அமெரிக்கத் தேசிய வனத்துறையின் கீழ் உள்ள ஒரே வெப்பமண்டல மழைக்காடு அது. லா கோகா அருவி சாலையோரத்திலேயே விழுகிறது, அம்மா காரை விட்டு இறங்கி நாலடி வைத்தால் போதும். பழைய சான் ஹுவானில் எல் மொரோ, சான் கிறிஸ்டோபல் என்ற இரண்டு ஸ்பானியக் கோட்டைகளுக்கும் சேர்த்துப் பெரியவருக்கு 10 டாலர், 15 வயது வரை இலவசம். எல் மொரோவின் முன்னால் விரிந்து கிடக்கும் புல்வெளிக்கு டிக்கெட்டே வேண்டாம். கடற்காற்று ஓயாமல் அடிக்கும், ஊர்க் குடும்பங்கள் பட்டம் விட வந்து உட்கார்ந்திருக்கும். ஒரு பட்டத்தின் விலையில் எங்களுக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. இந்த முறை இரண்டு பட்டம் வாங்க வேண்டியிருக்கும்.

சாப்பாட்டில் அம்மாவுக்கு ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது. அந்தத் தீவின் பண்டிகைச் சாதம் கந்தூலெஸ் போட்டுச் செய்வது. கந்தூலெஸ் வேறொன்றுமில்லை, நம் துவரைதான். பச்சையாக உரித்து, மூட்டை மூட்டையாகவும் டின்னிலும் விற்கிறார்கள். இந்தியாவில் பயிராகி, ஆப்பிரிக்கா வழியாக அடிமைக் கப்பல்களின் காலத்தில் கரீபியன் போய்ச் சேர்ந்த பயறு அது. கடையில் சமைத்த கந்தூலெஸ் சாதத்தில் பன்றி இறைச்சி இருக்கும், பீன்ஸ் குழம்பிலும் ஹாம் துண்டு கிடக்கும். "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் துண்டுகளை எடுத்துவிட்டுப் பரிமாறுகிறவர்களும் உண்டு. "ஸின் கார்னே, ஸின் ஹாமோன்" என்று இரண்டையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். அதைவிடச் சந்தையில் வாங்கி வீட்டில் சமைப்பது நல்லது. ரியோ பியெத்ராஸ் சந்தைக்கு ட்ரென் உர்பானோ ரயில் போகிறது. வாழைக்காய், சீமைப்பலா, சேப்பங்கிழங்குக்கு உறவான யௌத்தியா, சர்க்கரைவள்ளி எல்லாம் குவிந்திருக்கும். ஜூனில் மாம்பழமும் இருக்கும். ஒரு சின்ன எலெக்ட்ரிக் குக்கரும் புளிக்காய்ச்சலும் எடுத்துப் போனால் அம்மாவின் ஒரு வாரம் கவலையில்லை. திரும்பும்போது பழம் கொண்டுவரலாம் என்று எண்ண வேண்டாம். விமான நிலையத்தில் வேளாண் துறை எல்லாப் பெட்டியையும் சோதிக்கிறது, பல பழங்களை அனுமதிப்பதில்லை.

கார் ஏழு நாளும் வேண்டாம் என்பது என் கருத்து. பழைய நகரில் நிறுத்த இடம் கிடைக்காது, நிறுத்தினாலும் காசு. முதல் நான்கு நாள் நடையும் ஊபரும் போதும். பிறகு மூன்று நாள் கார் எடுத்துக்கொண்டு கிழக்கே லுக்கீயோ, எல் யுங்கே, அப்படியே தெற்கே. லுக்கீயோவின் பொதுக் கடற்கரை அரைவட்டமாக உள்ளே வளைந்தது, அலை குறைவு. ஏழு வயதுப் பிள்ளைக்கும் முட்டிவலி அம்மாவுக்கும் ஏற்ற கடல் அதுதான். சான் ஹுவானின் கொந்தாதோ பக்கம் கடல் பார்க்க அழகு, ஆனால் இழுப்பு பொல்லாதது, பிள்ளைகளை இறக்க மாட்டேன்.

குலேப்ரா, வியேக்கஸ் என்ற இரண்டு குட்டித் தீவுகளைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். குலேப்ராவின் ஃப்ளமெங்கோ கடற்கரையில் நிற்கும் துருப்பிடித்த டாங்கி, 1975 வரை அங்கே அமெரிக்கக் கடற்படை குண்டுப் பயிற்சி நடத்தியதன் மிச்சம். வியேக்கஸில் அது 2003 வரை நடந்தது. ஊர் மக்கள் போராடித்தான் நிறுத்தினார்கள். செய்பா துறையிலிருந்து அரசுப் படகு போகிறது, விமானத்தோடு ஒப்பிட்டால் கட்டணம் சொற்பம். ஆனால் உள்ளூர்க்காரர்களுக்குத்தான் முன்னுரிமை, அது நியாயமும் கூட. அவர்களுக்கு மருத்துவமனைக்கும் மளிகைக்கும் அதுவே வழி. வாடகைக் காரைப் படகில் ஏற்றப் பெரும்பாலான நிறுவனங்கள் விடுவதில்லை. ஒரு நாள் முழுக்கக் காத்திருப்பில் போகக்கூடும் என்பதால் அம்மாவோடு போகும் இந்தப் பயணத்தில் இரண்டையும் விட்டுவிட்டேன்.

இந்தத் தீவின் குறை மின்சாரம். 2017ல் மரியா புயல் மின்கம்பிகளை அடியோடு சாய்த்த பிறகு இன்னும் முழுதாக நிமிரவில்லை. 2024 டிசம்பர் 31 அன்றும் 2025 ஏப்ரல் 16 அன்றும் ஏறக்குறைய தீவு முழுக்கவே இருண்டது. வீடு பார்க்கும்போது படங்களைப் பார்ப்பதற்கு முன் ஜெனரேட்டரோ சோலார் பேட்டரியோ உண்டா, மேலே தண்ணீர்த் தொட்டி உண்டா என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். பவர் கட்டோடு வளர்ந்த நமக்கு இது பழக்கம்தான், ஆனால் ஜூன் புழுக்கத்தில் ஏழு வயதுப் பிள்ளையைத் தூங்க வைப்பது வேறு விஷயம்.

டிரினிடாட், டொபேகோ

வயிற்றை மட்டும் கேட்டிருந்தால் டிரினிடாட்தான். 1845 மே 30 அன்று ஃபத்தேல் ரசாக் கப்பல் முதல் இந்தியக் கூலிகளோடு அங்கே கரை சேர்ந்தது. 1917 வரை கப்பல்கள் வந்தன, பெரும்பாலும் கல்கத்தாவிலிருந்து, சில சென்னையிலிருந்தும். அந்த மக்களின் சமையல் இன்று தீவு முழுமைக்கும் சொந்தம். காலையில் தெருவோரம் டபிள்ஸ் விற்பார்கள்: மெத்தென்ற இரண்டு பாரா ரொட்டி, நடுவில் கொண்டைக்கடலை, மேலே புளிச் சட்னி, மாங்காய்க் குச்சேலா. ஏறக்குறைய ஒரு அமெரிக்க டாலருக்குள் ஒரு காலை உணவு, முழுச் சைவம். போடி என்பது நம் காராமணிக்காய். பைகன் சோக்கா என்பது சுட்ட கத்தரிக்காய் மசியல். பருப்பை உள்ளே வைத்துத் திரட்டிய தால்புரி ரொட்டியைச் சாப்பிட்டால் அம்மா இரண்டாவது கேட்பாள். டிரினிடாட்டுக்காரரான அலுவலகத் தோழி ஒருத்தி எனக்கு இதையெல்லாம் செய்து கொடுத்திருக்கிறாள், ஆகவே நாக்கு சாட்சி. கரோனி சதுப்பு நிலத்தில் அந்தி சாயும் நேரம் செந்நிற அரிவாள்மூக்கன்கள் கூட்டமாக மரத்தில் வந்து அடைவதையும், வாட்டர்லூவில் கடலுக்குள் கட்டிய கோயிலையும் பார்க்க எனக்கே ஆசை.

தடுத்தவை இரண்டு. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்திலிருந்து டிரினிடாட் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கு டிக்கெட் விலை, பள்ளி விடுமுறையில் அங்குள்ளவர்கள் ஊர் திரும்பும் நேரத்தில் ஏறிவிடுகிறது, அதையும் ஐந்தால் பெருக்க வேண்டும். கார்னிவல் வாரமென்றால் சொல்லவே வேண்டாம். இரண்டாவது பாதுகாப்பு. கொலைகள் பெருகியதால் 2024 டிசம்பர் 30 அன்று அரசே அவசரநிலை அறிவித்த நாடு அது. அங்கே உறவோ நண்பரோ உள்ளவர்கள் போகலாம், அழைத்துப் போக ஆள் இருக்கும். இரவில் தெரியாத ஊரில் அம்மாவையும் பிள்ளைகளையும் காரில் வைத்துக்கொண்டு வழி தேட நான் தயாராக இல்லை.

டொபேகோ அமைதியானது. அரசு மானியத்தில் ஓடும் கப்பல் நான்கு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். 1776லிருந்து சட்டப்படி காக்கப்படும் மெயின் ரிட்ஜ் காடு, மார்ச் முதல் ஆகஸ்ட் வரை இரவில் முட்டையிட வரும் பெரிய தோணி ஆமைகள் என்று பிள்ளைகளுக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. பத்து நாள் விடுமுறை கிடைத்தால் இரண்டு தீவையும் சேர்த்துப் போகலாம். ஏழு நாளில் வருவதும் போவதுமாகவே இரண்டு நாள் தின்றுவிடும்.

குவாதலூப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், மனசு கேட்காததால். நியூ ஜெர்சியிலிருந்து நேர் விமானம் இல்லை, மாறிப் போக வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் பிரெஞ்சுக் கடல்கடந்த பகுதிக்கென்றே விசா வேண்டும், வழக்கமான ஷெங்கன் போதாது. எங்களுக்கு அது இப்போது ஆகாது. ஆனால் பாரிஸில் இருக்கும் தமிழர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தத் தீவைத்தான். ஓர்லியிலிருந்து நேராகப் போகலாம், யூரோதான், ஜீத் என்ற வாடகை வீடுகள் சமையலறையோடு கிடைக்கும். மான்ட்ரியலில் இருப்பவர்களுக்கும் நேர் விமானம் உண்டு. 1854 டிசம்பர் 24 அன்று ஓரேலி கப்பல் அங்கே இறக்கிய கூட்டத்திலும், பின்னால் வந்த கப்பல்களிலும் பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாக ஏறிய தமிழர்கள் ஏராளம். கபெஸ்டேர்-பெல்-ஓ ஊரின் சாங்கி கோயிலில் மாரியம்மன் இன்றும் இருக்கிறாள். கடைகளில் கொலம்போ என்ற பெயரில் மசாலாப் பொடி விற்கிறது. ராமசாமியும் சிதம்பரமும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் குடும்பப் பெயர்களாக நிற்கின்றன. அம்மா இதைக் கேட்டுவிட்டு, "நம்ம காரைக்காலா?" என்று இரண்டு தரம் கேட்டாள். அங்கே போகும் நாள் வரட்டும், அதற்கு வேறு ஷீட்.

மாதம்

தீவைவிட மாதம் பெரிது என்பதையும் சொல்லியாக வேண்டும். டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை எல்லாத் தீவிலும் உச்ச விலை. கிறிஸ்துமஸ் வாரத்தில் எந்தத் தீவும் மலிவு இல்லை. ஏப்ரல் கடைசி முதல் ஜூன் வரை விலை இறங்கும். புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, ஆனால் பலமானவை பெரும்பாலும் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை. பள்ளி உள்ள குடும்பத்துக்கு ஜூன் கடைசி வாரம்தான் இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளி. அதற்கும் உத்தரவாதம் இல்லை. 2024 ஜூலை 1 அன்றே பெரில் புயல் கிரெனடாவின் கரியாக்கூவைச் சிதைத்தது. ஆகவே ரத்து செய்தால் பணம் திரும்பும் வீடு, தேதி மாற்றக்கூடிய டிக்கெட் என்று பார்த்து எடுக்க வேண்டும். சில டாலர் கூடுதலானாலும் இந்த ஒன்றில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கடைசியாக ஷீட் சொன்னது இது. ஐந்து பேருக்கு ஏழு இரவு என்று போட்டபோது, பாசித் தொல்லை குறைந்த பயாயிபேயில் நடுத்தர ஆல்-இன்க்ளூசிவ் எடுத்தால் ஆகும் மொத்தம், சான் ஹுவானில் வீடும் மூன்று நாள் காரும் எடுத்தால் ஆவதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வந்தது. அதே ஷீட்டில் ஆள் எண்ணிக்கையை இரண்டு என்று மாற்றினேன். இப்போது பயாயிபே கொஞ்சம் மலிவு. அந்த வீட்டு வாடகையும் கார் வாடகையும் பங்கு போட ஆளில்லாமல் இரண்டு தலையில் விழுகிறது அல்லவா. ஆகவே நீங்கள் இருவர், இறைச்சி சாப்பிடுவீர்கள், சமையலை மறக்க வேண்டும் என்றால் என் முடிவைப் பின்பற்ற வேண்டாம். கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் ரிசார்ட்டே சுகம். நான்கு பேருக்கு மேல் போய், அதில் ஒருவராவது சைவம் என்றால் அடுப்புள்ள வீடுதான்.

தேதி மட்டும் பாக்கி இருந்தது. புவேர்ட்டோ ரிக்கோவில் இரவில் நீர் ஒளிரும் குடாக்கள் மூன்று. வியேக்கஸின் மஸ்கிட்டோ பே உலகிலேயே மிகப் பிரகாசமானது என்று கின்னஸில் பதிவானது, ஆனால் அங்கே போக அந்தப் படகுக் காத்திருப்பு. ஃபஹார்தோவில் பெரும்பாலும் நாமே கயாக் துடுப்புப் போட வேண்டும். தென்மேற்கில் லா பர்கேராவில் ஒளி மற்ற இரண்டைவிட மங்கல், ஆனால் மோட்டார் படகில் உட்கார்ந்தே போகலாம், மூன்றிலும் மலிவு. அம்மாவுக்கு அதுதான். நிலவில்லாத இரவில்தான் நீரின் ஒளி நன்றாகத் தெரியும் என்றேன். அவள் எழுந்துபோய் ஊரிலிருந்து கொண்டுவந்த தினசரிக் காலண்டரைப் புரட்டினாள். 2025 ஜூன் 25, புதன்கிழமை, அமாவாசை.

"அன்னிக்கு எனக்கு ஒரு வேளைச் சாப்பாடுதான். வெங்காயம் பூண்டு ஆகாது. அங்க அடுப்பு இருக்கோல்லியோ?"

லா பர்கேராவில் அந்த ஓர் இரவுக்கு எடுத்திருந்த அறையில் அடுப்பு இல்லை. அதை ரத்து செய்துவிட்டு, இரண்டு பர்னர் உள்ள வீடு ஒன்றுக்கு முன்பதிவு செய்தேன். வாடகை ஐந்து பேருக்கும் சேர்த்து.